‘ஆள் பலம்’ இல்லாதவர்கள் என்ன செய்வது? வாசகர் கேள்வி, எங்கள் பதில்

‘ஆளைத் தெரியாமல் முன்னுக்கு வர முடியுமா?’ இம்முறை வந்த கடிதங்களில் பல, இந்த ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கின்றன. திருகோணமலையிலிருந்து வந்த ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டோம். முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறோம், அந்த நிலையில் இன்று நிறையப் பிள்ளைகள் நிற்பதால்.

உயர்தரம் முடித்து, ஹோட்டல் வரவேற்புப் பிரிவுக்கு என்.வி.கியூ. 4 (தேசிய தொழில் தகைமை, நான்காம் மட்டம்) எடுத்திருக்கிறேன். அம்மா பக்கம், அப்பா பக்கம் என்று எல்லாச் சொந்தக்காரருக்கும் சொல்லியாயிற்று. ஏழு மாதமாக ஒரு அழைப்பும் இல்லை. ஆள் பலம் உள்ளவர்களுக்குத்தான் வேலையா? — வாசகி, உப்புவெளி

உங்கள் சொந்தக்காரர் உங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சொல்வதற்கு அவர்களிடம் புதுச் செய்தி இல்லை, அவ்வளவுதான். சித்தப்பாவின் காதுக்கு வருகிற வெற்றிடம் அப்பாவின் காதுக்கும் வந்துதான் இருக்கும். ஒரே கலியாண வீட்டில் சாப்பிடுகிறார்கள், பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் ஒரே இடத்தில் நின்று கதைக்கிறார்கள். அப்படிப் பத்துப் பேரிடம் கேட்பது ஒருவரிடமே பத்துத் தரம் கேட்பதுபோலத்தான்.

இதை முதலில் அளந்து காட்டியவர் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். பொஸ்டனுக்குப் பக்கத்தில் உள்ள நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறிய 282 பேரை எடுத்து, அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார். 56 வீதமானவர்களுக்குத் தெரிந்தவர் மூலமாகவே கிடைத்திருந்தது. அந்தத் தெரிந்தவர் யார் என்று துருவியபோதுதான் விசயம் வெளிப்பட்டது. தெரிந்தவர் மூலம் வேலை எடுத்தவர்களுக்குள், வாரத்தில் இரண்டு தடவையாவது சந்திக்கிற நெருக்கமானவர் மூலம் எடுத்தவர்கள் 16.7 வீதம் மட்டுமே. எப்போதாவது சந்திக்கிறவர் மூலம் எடுத்தவர்கள் 55.6 வீதம். வருடத்துக்கு ஒரு தரமோ அதற்கும் குறைவாகவோ சந்திக்கிற ஆள் மூலம் எடுத்தவர்கள் 27.8 வீதம். 1973 இல் அவர் எழுதிய கட்டுரையைச் சமூகவியல் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள். தூரத்துப் பழக்கம் வேறு வட்டத்தில் நிற்கிறது. உங்கள் வட்டத்துக்குள் வராத செய்தி அங்கே இருக்கிறது.

ஆனால் எல்லா வேலைக்கும் இது ஒரே மாதிரிப் பொருந்தாது. சீனாவின் தியென்ஜின் நகரில் 1988 இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பில் நெருங்கிய உறவே வேலையைப் பெற்றுத் தந்தது தெரியவந்தது. அரசு ஆளைப் பார்த்து வேலை பிரித்துக் கொடுத்த காலம் அது. செய்தியைவிடச் செல்வாக்குத்தான் அங்கே தேவைப்பட்டது. நீங்கள் தேடுவது தனியார் ஹோட்டல் வேலை. உங்களுக்குச் செய்தி தேவை.

இனி வேலையைத் தொடங்குங்கள். ஒரு கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்: பெயர், இப்போது எங்கே இருக்கிறார், கடைசியாக எப்போது கதைத்தோம், அவர் தினமும் யாரைக் காண்கிறார். நாற்பது பெயர் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம். முதல் பத்துப் பெயர் சொந்தக்காரராகவே வரும். அதற்குப் பிறகு வருகிற பெயர்களில்தான் பலன் இருக்கிறது. உங்களோடு பயிற்சியில் இருந்த பிள்ளைகள், உங்கள் போதனாசிரியர், வேலைத்தலப் பயிற்சி எடுத்த ஹோட்டலில் சமையலறையிலும் அறைப் பராமரிப்பிலும் இருந்தவர்கள். அவர்களோடு நிறுத்தாதீர்கள். ஹோட்டல் வாசலில் ஓட்டோவோடு நிற்கிறவருக்கு எந்தப் பிள்ளை வேலையை விட்டுப் போகிறது என்பது மனேஜருக்கு அடுத்தபடியாகத் தெரியும். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர், ஹோட்டல்களுக்கு மீன், மரக்கறி போடுகிறவர், துணி வெளுக்க எடுத்துப் போகிறவர், இவர்கள் ஒவ்வொருவரும் ஒரே நாளில் ஐந்தாறு ஹோட்டல்களின் பின்வாசலைப் பார்க்கிறார்கள். நான்காவது நிரல் இவர்களுக்காகத்தான்.

வாரம் ஐந்து பேர், அதற்கு மேல் வேண்டாம். நாற்பது பேருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தியை அனுப்பினால் ஏழெட்டுப் பதில் ஒன்றாக வரும், யாருக்கு என்ன சொன்னோம் என்பது குழம்பும், இரண்டு பேருக்குப் பதில் போடாமல் விட்டுவிடுவீர்கள். அந்த இரண்டு பேரும் அடுத்த தரம் வாய் திறக்க மாட்டார்கள்.

பெரும்பாலானவர்கள் அனுப்புவது ‘வேலை ஏதும் இருந்தாச் சொல்லுங்க’ என்ற ஒரு வரி. இது ஏன் பலிப்பதில்லை? வாசிக்கிறவர் உங்களுக்காகத் தேட வேண்டும், நினைவில் வைத்திருக்க வேண்டும், உங்களுக்கு என்ன தெரியும் என்று ஊகிக்க வேண்டும். ‘சரி’ என்று பதில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வணக்கம் அக்கா. வரவேற்புப் பிரிவுப் பயிற்சியில் உங்களுக்கு அடுத்த வகுப்பில் இருந்தவள் நான். நீங்கள் நிலாவெளியில் வேலை செய்வதாக அறிந்தேன். என்.வி.கியூ. 4 முடித்து மூன்று மாத வேலைத்தலப் பயிற்சியும் எடுத்துவிட்டேன். சிங்களம் பேசுவேன், ஆங்கிலத்தில் சமாளிப்பேன். உங்கள் இடத்தில் சீசனுக்கு ஆள் எடுப்பது எந்த மாதம், சுயவிபரக்கோவையை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். நேரம் கிடைக்கும்போது பதில் போடுங்கள்.’

இதில் கேட்டிருப்பது வேலை அல்ல. ஒரு மாதத்தின் பெயரும் ஒரு ஆளின் பெயரும்தான். அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். சொல்லத் தெரியாவிட்டால் ‘இன்னாரைக் கேள்’ என்று அடுத்த ஆளைக் காட்டுவார். பத்து நாள் பார்த்துவிட்டு ஒரே ஒரு தரம் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் கோபிக்காமல் இரண்டு மாதம் விடுங்கள்.

காலமும் முக்கியம். எங்கள் கரையில் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. நெரிசல் தொடங்கிய பிறகு கேட்டால் அந்த வருடம் போயிற்று. பெப்ரவரி, மார்ச்சில் கேளுங்கள். ஹோட்டலுக்கு நேரே போவதானால் பகல் 11, 12 மணி அறை காலி செய்கிற நேரம், 2 மணியிலிருந்து புதியவர்கள் வந்து இறங்குகிற நேரம். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போனால் நின்று கதைக்க ஆள் இருக்கும்.

கடைசியாக ஒன்று. யாராவது உங்களைச் சொல்லி உள்ளே எடுத்தால், அவர் தன் பெயரை உங்களுக்காகப் பணயம் வைத்திருக்கிறார். இரண்டு வாரத்தில் சொல்லாமல் நின்றுவிட்டால் அவருடைய பெயர்தான் அங்கே கெடும். வேலை கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பதை அன்றைக்கே அவருக்குத் தெரிவியுங்கள். கிடைக்காததையும் சொல்ல வேண்டும். உதவியவர்கள் மனம் விட்டுப்போவதற்கு நாங்கள் கண்ட முதற் காரணம், ‘பிறகு என்ன ஆனது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை’ என்பதுதான்.

நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்கு வாய் வராது. கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போவேன், கடைசி வரிசையில் இருந்துவிட்டு வந்துவிடுவேன். என்னைப் போன்றவர்களுக்குத் தொடர்பு எப்படி வரும்? — வாசகர், சாம்பல்தீவு

பேச வேண்டாம். எழுதுங்கள். எந்தச் சங்கத்திலும் ஆளுக்குப் பஞ்சமான வேலை கூட்ட அறிக்கை எழுதுவது. அடுத்த கூட்டத்தில் செயலாளரிடம் போய், ‘அறிக்கை எழுத நான் உதவி செய்கிறேன்’ என்று சொல்லுங்கள். அவர் மறுக்க மாட்டார்.

எழுதும் விதம்: மேலே திகதி, நேரம், இடம். அடுத்து வந்தவர்களின் பெயரும் கையொப்பமும். பிறகு சென்ற கூட்ட அறிக்கையை வாசித்தது, அதை முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். அதன் பிறகு ஒவ்வொரு தீர்மானத்துக்கும் மூன்றே விசயம்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் திகதிக்குள். யார் யாரோடு சத்தம் போட்டார் என்பதை எழுத வேண்டாம். அதை எழுதிவிட்டு அடுத்த கூட்டத்தில் உரத்து வாசிக்கப்போய் சங்கம் இரண்டாகப் பிரிந்த ஊர்கள் உண்டு. இரண்டு நாளுக்குள் எழுதி முடித்து, பக்கத்தைப் படம் பிடித்துப் பொறுப்பெடுத்தவர்களுக்குத் தனித்தனியே அனுப்புங்கள்.

இதனால் மூன்று விசயம் நடக்கிறது. ‘ஒருவர் முன்மொழிந்தார்’ என்று எழுத முடியாது, ஆகவே ஊரில் எல்லாருடைய பெயரும் உங்களுக்குத் தெரிய வருகிறது. ‘வடிகான் கடிதம் கொடுத்தாயிற்றா அண்ணா?’ என்று கேட்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கூச்சமுள்ளவருக்குக் கதைக்கக் காரணம் இருந்தால் போதும், வாய் தானாக வரும். மூன்றாவது, கடிதங்களைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோகிற வேலையும் உங்களிடமே வரும். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் கிடைத்ததற்கான முத்திரையும் திகதியும் வாங்குங்கள். அந்த விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் பெயரைக் கேட்டுக் கொப்பியில் குறியுங்கள். ஒரு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை அந்தக் கதவுக்குள் போய் வந்தால் உங்கள் முகம் அங்கே பழகிவிடும். நாளைக்குப் பயிற்சி நெறியோ மானியமோ வரும்போது ‘அந்தச் சங்கத்தில் ஒழுங்காக எழுதுகிற ஒரு தம்பி இருக்கிறார்’ என்று நினைவு வருவது இப்படித்தான்.

விண்ணப்பப் படிவங்களில் உறவினர் அல்லாத இருவரின் பெயர் கேட்பார்களே, பலர் அந்த இடத்தில்தான் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். உங்களுக்கு அதற்கும் ஆள் கிடைத்துவிடும். பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் கேட்டு அனுமதி எடுங்கள். அவர் அறியாமல் ஒரு கோல் போனால் ‘யார் இந்தப் பிள்ளை?’ என்று கேட்டுவிடுவார், அதோடு முடிந்தது.

முதல் வருடத்திலேயே பொருளாளர் பதவியை ஏற்க வேண்டாம். காசுக் கணக்கில் சிறு பிசகு வந்தாலும் உறவு முறியும். பிறகு ஏற்க வேண்டி வந்தால், பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் வாங்காதீர்கள், வாங்கியதை இரண்டு மூன்று நாளுக்குள் வங்கியில் போடுங்கள், கணக்கு இருவர் கையொப்பத்தில் இருக்கட்டும்.

பழைய மாணவர் வட்ஸ்அப் குழுமத்தில் 400 பேருக்கு மேல் இருக்கிறோம். தினமும் காலை வணக்கம் போடுகிறேன். இது தொடர்பில் சேருமா? — வாசகர், திருகோணமலை நகர்

சேராது. ஒரு மனிதர் உண்மையில் பேணக்கூடிய உறவுகள் சுமார் 150 தான் என்று பிரித்தானிய ஆய்வாளர் ரொபின் டன்பார் 1990களில் சொன்னார். அந்த எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் தர்க்கம் உண்டு, ஆனால் எல்லை ஒன்று இருப்பது அனுபவத்தில் எல்லாருக்கும் தெரியும். காலை வணக்கப் படத்தை ஒருவரும் உங்களோடு சேர்த்து நினைப்பதில்லை.

அந்த ஐந்து நிமிடத்தை வேறு விதமாகச் செலவிடுங்கள். குழுமத்தில் ஒருவர் தன் கடை திறந்ததையோ பிள்ளை பரீட்சையில் சித்தியடைந்ததையோ போட்டால், குழுமத்தில் ‘வாழ்த்துகள்’ போடாமல் அவருக்குத் தனியே இரண்டு வரி எழுதுங்கள். 400 வாழ்த்துக்குள் உங்களுடையது கரைந்துபோகாது. செத்த வீடு என்றால் நேரே போங்கள். போக முடியாவிட்டால், அந்தியேட்டி முடிந்து வந்த சனமெல்லாம் திரும்பிப் போன பிறகு ஒரு கோல் எடுங்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிற அந்த நாட்களில் வருகிற கோலை யாரும் மறப்பதில்லை. இதை ஏதோ பலன் கருதிச் செய்யச் சொல்லவில்லை. செய்ய வேண்டியதை, உதவும் நேரத்தில் செய்யுங்கள் என்கிறோம்.

எருமைத் தயிர் போடுகிறோம். நாளைக்கு 40 சட்டி வரும். எல்லாவற்றையும் ஒரே மொத்த வியாபாரி எடுக்கிறார், விலையும் அவர் சொல்கிறதுதான். நகரத்து ஹோட்டல்களுக்கு நேரே கொடுக்க ஆசை. அங்கே எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. — வாசகர், கிண்ணியா

நானா, உங்கள் மொத்த வியாபாரியிடம் இருப்பது லொறி மட்டுமல்ல. உங்களையும் தெரியும், வாங்குகிறவரையும் தெரியும், நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அந்த இடைவெளியில் நிற்பதற்குத்தான் அவருக்கு இலாபம். தொடர்பில்லாத இரண்டு கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறவருக்கே செய்தியும் பேரம் பேசும் பலமும் சேரும் என்று ரொனால்ட் பேர்ட் என்ற சமூகவியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்ட இடைவெளிகள் நிறைய. பாதையில் (மிதவைப் படகில்) ஏறிக் கடக்க வேண்டிய கடல் முன்பு ஒரு இடைவெளி. 2009 இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு அது போயிற்று. மொழி இன்னும் இருக்கிறது. பழக்கமின்மை இன்னும் இருக்கிறது.

ஒரு ஹோட்டலை மட்டும் பிடியுங்கள். அங்கே மூன்று பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும். தயிர் நல்லதா என்று முடிவு செய்கிறவர் தலைமைச் சமையற்காரர். சட்டியை எண்ணி எடுக்கிறவர் களஞ்சியப் பொறுப்பாளர். காசு தருகிறவர் கணக்காளர். புதிதாகப் போகிறவர்கள் சமையற்காரரோடு மட்டும் பழகிவிட்டு, மாத முடிவில் காசுக்கு அலைவார்கள். காசு எத்தனை நாளில் வரும், ஒவ்வொரு தரமும் யார் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு வேண்டும் என்பதை முதல் நாளே கணக்காளரிடம் கேளுங்கள். காலிச் சட்டி திரும்பி வருமா, உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் கேளுங்கள்.

முதலில் இரண்டு சட்டி மாதிரிக்குக் கொடுங்கள். ஒரு நாள் அல்ல, மூன்று வாரம், வாரத்தின் அதே நாளில், ஒரே நேரத்தில். சமையற்காரர் பார்ப்பது ருசியை மட்டுமல்ல, மூன்றாம் வாரமும் அதே இறுக்கம், அதே புளிப்பு இருக்கிறதா என்பதையும்தான். நாளைக்கு 40 சட்டி வருகிற நீங்கள் ஹோட்டலுக்குப் பத்துக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம். பால் குறைகிற நாள் வரும். அன்றைக்கு ‘இன்று ஆறுதான்’ என்று விடிந்த பிறகு சொன்னால், காலைச் சாப்பாட்டு மேசையில் சமையற்காரர் மாட்டிக்கொள்வார். முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு முன் சொன்னால் அவர் வேறு ஒழுங்கு செய்வார், உங்கள் மேல் நம்பிக்கையும் கூடும். தயிர் குறைந்ததால் வியாபாரம் உடைந்ததைவிட, குறைந்ததைச் சொல்லாததால் உடைந்ததே அதிகம்.

பழைய வியாபாரிக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். கிண்ணியாவுக்கும் நகரத்துக்கும் நடுவில் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் மறைந்திருக்காது. ‘பத்துச் சட்டி நான் நேரே கொடுத்துப் பார்க்கிறேன், முப்பது உங்களுக்கே’ என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். ஆனால் முப்பதை விட மாட்டார்.

இன்னும் இரண்டு பேர். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் கால்நடை வைத்திய அதிகாரியையும் பிரச்சினை வரும் முன்பே போய்க் காணுங்கள். தயிர் போடுகிற இடத்தை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள், சொன்னதைச் செய்து முடித்துவிட்டு வந்து பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு வந்து குறை பிடிக்கிறவராக இல்லாமல், வழி சொல்கிறவராக அவர் உங்களுக்குப் பழக்கமாகட்டும்.

சிங்களத்தில் வியாபாரத்துக்கு முப்பது நாற்பது சொல் போதும். ‘மீகிரி’ என்றால் எருமைத் தயிர். விலை, எண்ணிக்கை, கிழமை, ‘நாளைக்குக் கொண்டு வருகிறேன்’, ‘இன்று குறைவு’, இவற்றை உங்கள் வாயாலேயே சொல்லப் பழகினால் கந்தளாய்ப் பக்கமும் உங்களுக்குத் திறக்கும்.

மச்சான் வங்கியில் பத்து இலட்சம் கடன் எடுக்கிறார். என்னைப் பிணைக்குக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார். மறுத்தால் உறவு போய்விடும். ‘சும்மா ஒரு கையெழுத்துத்தானே’ என்கிறார்கள். — வாசகர், தம்பலகாமம்

சும்மா கையெழுத்து என்று ஒன்று வங்கியில் இல்லை. அவர் கட்டாத ஒவ்வொரு தவணையும் உங்கள் கடன். ‘முதலில் அவரிடம் அறவிட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்’ என்று கேட்கிற உரிமையைப் பெரும்பாலான பிணைப் படிவங்களில் நீங்களே விட்டுக்கொடுத்துவிடுகிறீர்கள். சிறிய எழுத்தில் இருக்கும், வாசியுங்கள். பிணை நின்ற விபரம் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் உங்கள் பெயருக்குக் கீழே வரும். இரண்டு வருடத்துக்குப் பிறகு நீங்கள் வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி அதைப் பார்க்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்து இலட்சம், ஐந்து வருடம், வட்டி ஆண்டுக்கு 14 வீதம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 23,270 ரூபா. இதை ஆறு மாதம் உங்கள் சம்பளத்திலிருந்து கட்டி, வீட்டையும் கொண்டுபோக முடியுமா? முடியாது என்றால் கையெழுத்து வைக்கக் கூடாது. மச்சான் நல்லவரா, கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. நல்லவருக்கும் வருத்தம் வரும், வேலை போகும்.

முடியும் என்றாலும் நான்கு விசயம் கேளுங்கள்: அவருக்கு வேறு எங்கே கடன் இருக்கிறது, தவணை எந்தக் கணக்கிலிருந்து கழியும், அவர் இறந்தால் கடனைத் தீர்க்கக் காப்புறுதி உண்டா, மற்றப் பிணையாளி யார். கையெழுத்து வைத்த படிவத்தின் பிரதியை அன்றைக்கே வாங்குங்கள். தவணை தவறினால் உடனே உங்களுக்கும் அறிவிக்கும்படி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

மறுப்பதாக இருந்தால் இரண்டு நாளுக்குள் மறுத்துவிடுங்கள். ‘பார்ப்போம்’ என்று மூன்று வாரம் இழுத்துவிட்டுக் கடைசி நாளில் கைவிரிப்பதுதான் உறவை அறுக்கிறது. ‘மச்சான், பிணைக் கையெழுத்து ஒருத்தருக்கும் வைக்கிறதில்லை என்று வீட்டில் முடிவெடுத்திருக்கிறம். என்னால் முடிந்தது இவ்வளவு, கைமாற்றாக இல்லை, உதவியாகவே வைத்துக்கொள்ளுங்க’ என்று, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கொடுங்கள். அந்த விதியைப் பிறகு உங்கள் தம்பிக்கும் மீறாதீர்கள். ஒருவருக்கு மீறினால் மற்றவர்களுக்குச் சொன்னது பொய்யாகிவிடும்.

அரச வேலை எடுத்துத் தருவதாகத் ‘தெரிந்த ஆள்’ ஒருவர் ஐந்து இலட்சம் கேட்கிறார். — பெற்றோர், மூதூர்

கொடுக்காதீர்கள். அது தொடர்பு அல்ல, இலஞ்சம். 2023 இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். அதனால்தான் ஏமாந்த பிறகு பலர் முறைப்பாடு செய்யப் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தை நம்பித்தான் இவர்களும் கேட்கிறார்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

உங்கள் பிள்ளைக்கு வேண்டிய ஆட்கள் வேறு. சென்ற தடவை அதே போட்டிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவர் ஒருவர், அவரிடம் கடந்தகால வினாத்தாள்கள் இருக்கும். நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்தவர் ஒருவர், எந்தச் சான்றிதழின் மூலப்பிரதி கேட்டார்கள் என்று அவர் சொல்வார். வர்த்தமானியை வாராவாரம் பார்த்து, வாரத்தில் இரண்டு மாலை சேர்ந்து படிக்க மூன்று நான்கு பேர். இதற்கெல்லாம் செலவு தேத்தண்ணியும் வடையும்தான்.

மாமா ரொறன்ரோவில் கணினித் துறையில் இருக்கிறார். கதைத்தால் காசு கேட்கிறேன் என்று நினைப்பாரோ என்று நான்கு வருடமாகக் கதைக்கவில்லை. நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிறேன். — மாணவர்

நினைக்கத்தான் செய்வார், முதல் ஐந்து நிமிடம். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஊரிலிருந்து வருகிற கோல்களில் பல அப்படித்தான் முடிகின்றன, அவர்கள் மேல் பிழை இல்லை. அதனால் முதல் கதையிலேயே எதுவும் கேட்காதீர்கள். எதுவுமே என்றால், அறிவுரையும்தான். அம்மம்மாவின் சுகம், வீட்டு மாமரம், உங்கள் படிப்பு, அவருடைய பிள்ளைகள், இவ்வளவோடு வைத்துவிடுங்கள்.

மூன்று நான்கு வாரம் கழித்து, அவர் பத்து நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: ‘மாமா, என்ர சுயவிபரக்கோவை ஒரு பக்கம்தான். உங்கட கண்ணுக்கு வெட்ட வேண்டிய மூன்று விசயத்தை மட்டும் சொல்லுங்கோ.’ அவர் சொன்னதைத் திருத்தி, திருத்திய பிரதியை ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். சொன்னதைச் செய்கிற பிள்ளை என்று கண்டுகொண்டால், ‘என்னோட வேலை செய்கிற ஒருவர் இருக்கிறார், அவரோட கதை’ என்று அவராகவே சொல்வதற்கு இடமுண்டு. நீங்கள் தேடுகிற தூரத்துத் தொடர்பு அந்த ஒருவர்தான். மாமா அவரிடம் போவதற்கான படி.

நேரத்தைக் கவனியுங்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தி, மற்ற மாதங்களில் பத்தரை மணித்தியாலம். நமது ஞாயிறு இரவு 7 மணிக்கு அங்கே காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. கோப்பியோடு இருக்கிற நேரம். முதல் நாளே ‘நாளைக்கு எடுக்கலாமா மாமா?’ என்று ஒரு வரி போட்டுவிட்டு எடுங்கள்.